மட்டாஞ்சேரி யூதப் பள்ளியும் அதன் வாசற்படியும்

கொச்சிக்குப் போகிறவர்கள் மட்டாஞ்சேரி அரண்மனையைப் பார்த்த கையோடு பக்கத்து யூதத் தெருவுக்குள் நுழைந்து, அதன் கோடியில் நிற்கும் பரதேசி ஜெப ஆலயத்தையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். அங்கே அவர்கள் கேட்கும் கதை ஏறத்தாழ ஒன்றுதான். உலகமெங்கும் யூதர்களை விரட்டியடித்த காலத்தில் இந்த மண் அவர்களை வாழவைத்தது. கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். 1568ல் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாதிக் கதைதான் இருக்கிறது. நம் சகிப்புத்தன்மைக்கு யாரோ எழுதிக் கொடுத்த நற்சான்றிதழாக இந்தக் கட்டடத்தைப் பார்ப்பது நமக்குப் பெருமையாக இருக்கலாம். கட்டடத்துக்கு நியாயம் செய்வதாகாது. அங்கே இருக்கும் செப்பேட்டையும் கல்வெட்டையும் கொஞ்சம் நின்று பார்த்தால், இது வெளியிலிருந்து வந்து ஒதுங்கி நின்ற கட்டடம் அல்ல என்பது புரியும். ஊரோடு ஊராகிப்போன கோயில் இது. அதனாலேயே நம் கோயில்களின் நல்லதும் கெட்டதும் இதற்குள்ளும் புகுந்திருக்கின்றன.

முதலில் கட்டடம். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்க யூதர்கள் இதைப் பார்த்து வியப்பார்கள். அவர்களுடைய ஆலயங்களில் இந்த வழக்கம் கிடையாது. உள்ளே காலுக்கடியில் சீனாவின் கான்டன் நகரிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான பீங்கான் ஓடுகள், ஆயிரத்துக்கும் மேல். கையால் வரைந்தவை என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் இவற்றைத் தருவித்தவர் டச்சுக் கம்பெனியின் பெரிய வணிகரான எசக்கியேல் ரகாபி. 1760ல் மணிக்கூண்டைக் கட்டியவரும் அவரே. அந்தக் கடிகாரத்தின் ஒரு முகத்தில் மலையாள எண்கள், ஒன்றில் ஹீப்ரு எழுத்துகள், ஒன்றில் ரோமானிய எண்கள். ராஜாவும் வணிகரும் தொழ வருபவரும் ஒரே நேரத்தை அவரவர் எழுத்தில் படித்துக்கொள்ளலாம். ஓடுகளைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. அவற்றை முதலில் ராஜா தன் அரண்மனைக்காகத்தான் வரவழைத்தாராம். அதில் மாட்டு ரத்தம் கலந்திருக்கிறது என்று யூதர்கள் சொல்லவும், எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டாராம். கட்டுக்கதைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் ஆசாரம் எதில் கலங்கும் என்று நன்றாகத் தெரிந்தவர்களைப் பற்றி மட்டுமே இப்படி ஒரு கதை பிறக்க முடியும்.

கூடத்தின் நடுவில் பித்தளைக் கம்பியடைப்போடு ஒரு மேடை. மேற்குச் சுவரில், அதாவது எருசலேம் இருக்கும் திசையில், தோரா என்னும் வேதச் சுருள்கள் வைக்கும் பேழை. மேலே பெல்ஜியம் கண்ணாடிச் சரவிளக்குகள். அவற்றுக்கிடையே எண்ணெய் ஊற்றி ஏற்றும் விளக்குகள். சுருளுக்கு அணிவிக்கும் பொற்கிரீடங்களில் ஒன்று திருவிதாங்கூர் மன்னர் கொடுத்தது. வேறெங்கும் காணமுடியாத ஓர் அமைப்பும் உண்டு: மாடியில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால், இரண்டாவது மேடை. ஓய்வுநாளிலும் பண்டிகை நாளிலும் வேதத்தை அங்கிருந்துதான் வாசிப்பார்கள். கேரள யூத ஆலயங்களுக்கே உரிய ஏற்பாடு இது. ஆண்களிடமிருந்து பெண்களைத் தட்டி கட்டி மறைத்தாலும், வேதம் ஒலிக்கும் இடம் அவர்களுக்கு எட்டிவிடும் தூரத்துக்கு வந்துவிடுகிறது.

இந்த ஆலயத்தின் விலைமதிக்க முடியாத உடைமை ஓடுகளோ கிரீடமோ அல்ல, செப்பேடுகள். சேரப் பெருமாள் பாஸ்கர ரவிவர்மன், கி.பி. 1000ஐ ஒட்டி, முயிரிக்கோட்டிலிருந்து, அதாவது நம் சங்கப் புலவர்கள் பாடிய முசிறியின் வட்டாரத்திலிருந்து, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வழங்கியவை. எழுத்து வட்டெழுத்து, மொழி அன்றைய தமிழுக்கு மிக அருகில் நிற்பது. அதில் அவர் பெயர் இசுப்பு இரப்பான். பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, காகளம், தோரணம் என்று பட்டியல் நீள்கிறது. எழுபத்திரண்டு உரிமைகள், வரிவிலக்கு, அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமை, எல்லாம் அவருக்கும் அவர் சந்ததிக்கும் நிலவுள்ள காலம் வரை. வேணாட்டு கோவர்த்தன மார்த்தாண்டன் உள்ளிட்ட நாட்டுத் தலைவர்கள் சாட்சி. அஞ்சுவண்ணம் தமிழகக் கல்வெட்டுகளிலும் வருகிற பெயர் என்பதால் நமக்கு அந்நியமானதல்ல. இதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 849ல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த செப்பேட்டில் ஹீப்ரு எழுத்தில் யூதர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆக, கொச்சி என்ற துறைமுகம் உருவாவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் இங்கே கையெழுத்துப் போடும் தகுதியுள்ள ஊர்க்காரர்கள்.

மன்னர் ஏன் கொடுத்தார்? பெருந்தன்மை என்பது நமக்குப் பிடித்த பதில். ஆனால் அந்தக் காலம் ராஜராஜ சோழன் சேர நாட்டின் மீது படையெடுத்துக்கொண்டிருந்த காலம். பணமும் கப்பலும் உள்ள வணிகர்களின் துணை பெருமாளுக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று கருதும் வரலாற்றாய்வாளர்கள் உண்டு. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. செப்பேட்டின் நடை அன்புப் பரிசின் நடையாக இல்லை. உரிமைகளை ஒவ்வொன்றாக எண்ணி, சாட்சி வைத்து எழுதிய உடன்படிக்கையின் நடையாகத்தான் இருக்கிறது. இதைச் சொன்னால் மன்னரின் பெருமை குறைந்துவிடும் என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருணை ஆளுக்கு ஆள் மாறும். எழுதிக் கொடுத்த உரிமையைப் பேரன் போய்க் கேட்கலாம்.

எல்லாம் வெறும் வியாபாரக் கணக்கு என்று சொல்லிவிடவும் முடியாது. 1341ல் பெரியாற்றில் வந்த வெள்ளம் பழைய துறைமுகத்தைக் கெடுத்துக் கொச்சியைத் திறந்துவிட்டது. யூதர்களும் மெல்ல மெல்ல அங்கே நகர்ந்தார்கள். கொச்சங்காடியில் 1344ல் ஓர் ஆலயம் எழுந்தது. 1524ல் கொடுங்கல்லூர் யூதர்கள் தாக்கப்பட்டார்கள். போர்த்துகீசியர் கை ஓங்கியது. 1560ல் கோவாவில் மதவிசாரணை மன்றம் வந்தது. ஸ்பெயினிலிருந்தும் போர்த்துகலிலிருந்தும் தப்பி வந்த யூதர்கள் கொச்சியில் ஏற்கெனவே சேர்ந்திருந்தார்கள். கொச்சி ராஜாவோ அரசியலில் போர்த்துகீசியரின் பிடியில் இருந்தவர். அந்த நிலையில், அவர்கள் வெறுத்த ஒரு கூட்டத்துக்குத் தன் அரண்மனைக் கோயிலை ஒட்டிய நிலத்தைக் கொடுத்து ஆலயம் கட்ட விட்டது லாபக் கணக்குப் பார்த்துச் செய்யும் காரியமாகத் தெரியவில்லை. அதற்கான விலையும் வந்தது. 1662ல், டச்சுக்காரர்களுக்கு யூதர்கள் உதவினார்கள் என்ற கோபத்தில் போர்த்துகீசியர் ஆலயத்தைச் சூறையாடினார்கள். மறு ஆண்டு கொச்சி டச்சுக்காரர் கைக்கு மாறிய பிறகுதான் அதைச் செப்பனிட முடிந்தது.

வியாபாரம் மட்டுமே இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனிலிருந்து பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிப்போக யூத வணிகர்கள் சென்னப்பட்டினம் வந்தார்கள். 1688ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது பார்த்தலோமியோ ரோட்ரிக்ஸ், டொமிங்கோ டு போர்ட்டோ, அல்வாரோ ட பொன்சேகா என்ற மூன்று யூதர்கள் ஆல்டர்மேன்களாக இடம்பெற்றார்கள். நகரத்தின் முதல் மாமன்றத்திலேயே இருக்கை! இருந்தும் வைர வியாபாரம் வேறு பக்கம் திரும்பியதும் அந்தச் சமூகம் கரைந்துபோனது. இன்று பவளக்காரத் தெருவின் பெயரும் சில கல்லறைக் கற்களும்தான் மிச்சம். கொச்சியில் அப்படி நடக்கவில்லை. காரணம், அங்கே அவர்கள் கடை மட்டும் வைக்கவில்லை, வேர் விட்டார்கள்.

எவ்வளவு ஆழமாக என்பதைச் சில வழக்கங்களே சொல்லும். சமூகத் தலைவருக்குக் கொச்சி ராஜா கொடுத்த பட்டம் முதலியார். ஸ்பெயினின் காஸ்டீல் பகுதிப் பெயரைக் குடும்பப் பெயராகத் தாங்கிய காஸ்டியல் முதலியார்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். நம் காதுக்கு விசித்திரமாக ஒலிக்கும் பெயர், அவர்களுக்கு அது சாதாரணம். மணப்பெண் கழுத்தில் தாலி ஏறியது. பெண்கள் வேதக் கதைகளையும் ஊர்க் கதைகளையும் மலையாளத்தில் பாட்டாகக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதித் தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்தார்கள். தோராவைக் கொண்டாடும் சிம்கத் தோரா நாளில் ஆலயமே விளக்கும் பூவுமாக நிறைய, சுருள்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து ஆலயத்தைச் சுற்றி வலம் வருவார்கள். யூத உலகில் மற்ற இடங்களில் இந்தச் சுற்று பெரும்பாலும் கூடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்த நெகேமியா மோட்டா என்ற கவிஞரின் சமாதிக்கு இன்றும் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வந்து மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். வந்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்த இடத்துக்கு உரியவர்களாவது நமக்குப் புதிதல்ல. ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள் தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்றுதான் தங்கள் பழங்கதையில் சொல்கிறார்கள். அதற்காக மலை அவர்களுடையதல்ல என்று யாரும் சொல்வதில்லை.

ஊரின் வழக்கங்களோடு ஊரின் நோயும் வந்தது. இதைத்தான் யூதத் தெருவில் யாரும் விரிவாகச் சொல்வதில்லை. கேரள யூதர்களில் பழங்குடிகள் மலபாரி யூதர்கள். வெள்ளைக்காரர்கள் கறுப்பு யூதர் என்று எழுதிவைத்தது இவர்களைத்தான். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்த்துகல், அலெப்போ, பாக்தாத் என்று பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் பரதேசிகள், அதாவது வெள்ளை யூதர். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வம்சம் மெஷுக்ரரிம். மூன்று தரப்புக்கும் ஒரே வேதம், ஒரே ஓய்வுநாள், ஒரே உணவு விதி. ஆனாலும் பரதேசிகள் மலபாரிகளோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளவில்லை. மெஷுக்ரரிம் பரதேசி ஆலயத்துக்கு வரலாம். ஆனால் பெஞ்சில் உட்காரக் கூடாது. முன்கூடத்தில், தரையில், படியில் உட்கார்ந்து தொழ வேண்டும். இன்று நாம் செருப்பைக் கழற்றிவைக்கும் அந்த வாசல் பக்கம்தான் பல தலைமுறைகளுக்கு அவர்கள் இடமாக இருந்தது.

இதை உடைக்க முனைந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். 1882ல் பிறந்த மெஷுக்ரரிம் குடும்பத்துப் பிள்ளை. சென்னையில் பட்டமும் சட்டமும் படித்து வக்கீலாகத் திரும்பினார். கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். 1929ல் லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்தார். வைக்கத்தில் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924ல் போராட்டம் தொடங்கி, ஈ.வெ.ரா. அங்கே சிறை சென்ற செய்தி நமக்குத் தெரியும். அதே காலத்தில், அதே நிலப்பரப்பில், காந்தியின் அதே வழியைத் தன் ஆலயத்துக்குள்ளேயே சேலம் கையிலெடுத்தார். சமமாக நடத்தாத ஆலயத்தைப் புறக்கணித்துப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்து சத்தியாகிரகம் செய்தும் பார்த்தார். எதிரில் இருந்தவர்கள் அந்நிய ஆட்சியாளர்கள் அல்லர். அவர் தினமும் தெருவில் சந்திக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள். படிப்படியாகத்தான் கதவு திறந்தது. 1950ஐ ஒட்டி, எதிர்ப்பையும் மீறி, அவர் மகன் ஒருவருக்கும் பரதேசிக் குடும்பத்துப் பெண் ஒருவருக்கும் திருமணமே நடந்தது. யூத காந்தி என்று ஊரார் அழைத்த அவர் 1967ல் இறந்தார். மட்டாஞ்சேரியில் அந்தத் தெருவுக்கே இன்று ஏ.பி. சேலம் சாலை என்று பெயர். பலகையைப் பார்த்தபடியே நடந்துபோகும் நூறு பேரில் எத்தனை பேர் அந்தப் பெயர் யாருடையது என்று கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இதை நம் சாதியோடு முடிச்சுப் போடுவது சரியா என்று கேட்கலாம். வெள்ளை, கறுப்பு என்ற பேச்சே ஐரோப்பிய நிறவெறியின் பேச்சு. ரத்தச் சுத்தம் பார்ப்பது ஸ்பெயினின் வியாதி. அதை இந்தியாவின் தலையில் கட்டலாமா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. நிறப் பெயர்களைச் சூட்டியவர்கள் ஐரோப்பியர்கள்தாம். அடிமை வம்சத்தைத் தள்ளிவைக்கும் பழக்கம் யூத உலகில் வேறு இடங்களிலும் உண்டு. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த பேர்பெற்ற சமய அறிஞர் தாவீது இபின் அபி சிம்ராவிடம் கொச்சியிலிருந்து ஒரு கேள்வி போயிருக்கிறது. அந்தக் கேள்வியின் மையத்தில் தோல் நிறம் இல்லை, பிறப்பு இருக்கிறது: செல்வாக்குள்ள சிலர் மற்றவர்களை அடிமை வழி வந்தவர்கள் என்று சொல்லிப் பெண் கொடுக்க மறுக்கிறார்கள், இது சரியா? மதத்தில் சேரும் சடங்கை முறைப்படி முடித்துவிட்டால் அவர்களும் யூதர்களே, மண உறவுக்குத் தடையில்லை என்பது அவர் தீர்ப்பு. தீர்ப்பு வந்தும் கொச்சி கேட்கவில்லை. 1686ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து பார்த்துச் சிறு நூல் எழுதிய மோசஸ் பெரேரா ட பைவா காலத்திலும் பிரிவு அப்படியே இருந்தது. சமய நூல் அனுமதித்ததைச் சமூகம் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மறுத்தது என்றால், அந்த மறுப்புக்கு வலு கொடுத்தது எது? சுற்றிலும் இருந்த ஊர்தான். ஒரே கோயிலில் யார் எதுவரை போகலாம் என்று அளந்துவைத்த ஊரில், அளக்காத கோயில் ஒன்று இருந்திருந்தால்தான் அதிசயம்.

இன்னொரு சமாதானமும் உண்டு. மலபாரிகளுக்குத் தனியாக ஏழு ஆலயங்கள் இருந்தனவே, அவர்களுக்கு என்ன குறை என்பது. உண்மைதான், எண்ணிக்கையிலும் பழமையிலும் பரதேசிகளைவிட அவர்கள் பெரியவர்கள். கேள்வி, வரலாற்றின் உடைமைகள் யார் கையில் சேர்ந்தன என்பது. 1000ஐ ஒட்டிக் கொடுத்த செப்பேடு, ஐந்து நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்களின் ஆலயத்தில் இருக்கிறது. கொச்சங்காடியின் 1344ஆம் ஆண்டுக் கல்வெட்டும் இங்கே வந்து பதிந்திருக்கிறது. ரப்பானின் வாரிசு யார் என்று இரு தரப்பும் வாதாடின. பார்வையாளர்களும் பிரமுகர்களும் வந்தது பரதேசி ஆலயத்துக்கு. 1968ல் அதன் நானூறாம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வெளியானது. 2017ல் நம் பிரதமர் இஸ்ரேல் போனபோது பரிசாகக் கொண்டுபோனது அந்தச் செப்பேடுகளின் பிரதியைத்தான். ஏழு ஆலயங்களின் பெயரைச் சொல்லச் சொன்னால் கேரளத்துக்காரர்களே தடுமாறுவார்கள்.

அந்த ஏழின் கதி என்ன? இஸ்ரேல் பிறந்தபின், முக்கியமாக 1954, 55ஆம் ஆண்டுகளில், மலபாரி யூதர்கள் கிட்டத்தட்ட மொத்தமாகவே கிளம்பிப் போனார்கள். யாரும் விரட்டவில்லை, எருசலேமைப் பார்த்துத் தொழுதவர்கள் எருசலேம் திறந்ததும் போனார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்ற ஊரை விவசாயம் செய்து வளர்த்தவர்களில் அவர்கள் உண்டு. மாளா ஆலயத்தை 1955ல் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஆலயத்தின் மர வேலைப்பாடு முழுவதையும் பெயர்த்து எடுத்துப்போய் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பொருத்தியிருக்கிறார்கள்; இங்கே நின்ற வெறும் சுவர்களில் ஒரு பகுதி 2019 மழைக்காலத்தில் சரிந்து விழுந்தது. பரதேசிகளும் பின்னர் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், அல்லது மூப்பில் மறைந்தார்கள். யூதத் தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019ல் காலமானார். அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். 2024 ஆகஸ்டில் குயீனி ஹலேகுவாவும் மறைந்தார். கூட்டுத் தொழுகைக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது விதி. உள்ளூரில் அந்தப் பத்து கிடைக்காமல் போய் வெகுகாலமாயிற்று. வெளியூர் யூதர்கள் வந்தால்தான் கணக்கு நிறைகிறது.

தொழ ஆளில்லாத கட்டடத்தின் உள் நியாய அநியாயங்களை இப்போது கிளறுவானேன் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. தொழுபவர்கள் இருக்கும்வரை ஆலயத்தின் கதையை அவர்களே சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் போன பிறகு அதைச் சொல்லும் பொறுப்பு அரசுக்கும் வழிகாட்டிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் வந்துவிடுகிறது. நமக்கு இனிக்கும் பகுதியை மட்டும் நாம் சொன்னால், படியில் உட்கார்ந்தவர்கள் இரண்டாம் முறையும் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். ராஜா கொடுத்த நிலம் உண்மை என்றால், ஆலயத்தார் கொடுக்காத பெஞ்சும் உண்மை. இரண்டையும் ஒரே அறிவிப்புப் பலகையில் எழுதினால் கொச்சியின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

கொச்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மட்டாஞ்சேரியோடு திரும்பிவிடாதீர்கள்; அங்கே சனிக்கிழமை ஆலயம் மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொரு நாள் ஒதுக்கி வடக்குப் பரவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போய் வாருங்கள். இரண்டும் மலபாரி யூதர்களின் ஆலயங்கள். கேரள அரசு செப்பனிட்டு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. பரவூர் ஆலயத்தில் வாயில் மாளிகை, அதிலிருந்து நீளும் தூண் நடை, அதன் முடிவில் கூடம் என்று நம் கோயில் நடை போலவே அமைப்பு இருக்கும். சேந்தமங்கலம் ஆலயத்தின் முன்னால் ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. இஸ்ரவேலின் மகள் சாரா என்ற பெண்ணுக்காக 1269ல் வெட்டியது அது. பரதேசி ஆலயத்தைவிட முந்நூறு ஆண்டு மூத்தது.